மங்கோலியாவின் மூன்றாவது அண்டை நாடு எது?

கேள்வி: மங்கோலியாவுக்கு எல்லை ரஷ்யாவும் சீனாவும்தான். ‘மூன்றாவது அண்டை நாடு’ என்கிறார்களே, அது எது?

பதில்: தனியொரு நாடல்ல. 1990-இல் ஒரு கட்சி ஆட்சி முடிந்தபின், இரு பெரும் அண்டை நாடுகளுக்கு நடுவே நசுங்காமல் இருக்க, அமெரிக்கா, ஜப்பான், தென் கொரியா, இந்தியா போன்ற தொலைதூர நண்பர்களோடு வளர்த்த உறவுக்கே அந்தப் பெயர். இந்தியக் கடனுதவியில் அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை எழுவதும் இதனால்தான். எரிபொருளில் பெரும்பகுதி ரஷ்யாவிலிருந்தே வருகிறது.

ஆனால் நட்பு வேறு, பாதை வேறு. மங்கோலியத் தண்டவாள அகலம் 1520 மி.மீ., சீனாவில் 1435. எல்லையில் பயணிகள் ரயில் பெட்டிகளைத் தூக்கிச் சக்கரத் தொகுதியையே மாற்றுவார்கள். ஏற்றுமதியில் பெரும்பங்கு சீனாவுக்கே. 2016-இல், சீனா எதிர்க்கும் திபெத்திய பௌத்தத் தலைவர் தலாய் லாமா வந்து சென்றதும் சீனா கடன் பேச்சை நிறுத்தியது. ஒரே மாதத்தில் ‘இனி அவரை அழைக்க மாட்டோம்’ என்றது மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தர். அதைக் கோழைத்தனம் என்பது நியாயமில்லை. கடலில்லாத நாடு அது.