பூனையைக் கண்டால் பாயும் நாய்

கேள்வி: எங்கள் நாய்க்கு இரண்டு வயது. வீட்டில் பரம சாது. நடக்கக் கூட்டிச் சென்றால், பூனையையோ வேறு நாயையோ கண்டதும் கயிற்றை இழுத்துக் குரைக்கிறது. அதட்டினால் இன்னும் மோசமாகிறது. பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினால் பழகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். பக்கத்தில் நிறுத்தினால் பயந்த நாய்க்குப் பயம் கூடும். துரத்த நினைக்கும் நாய்க்கு வெறி கூடும். சில நாய்கள் கடைசியில் உறைந்துபோய் அசையாமல் நிற்கும். அதைத்தான் பலர் ‘பழகிவிட்டது’ என்று பெருமையாகச் சொல்கிறார்கள்.

அதட்டுவதையும் கயிற்றைச் சுண்டுவதையும் விட்டுவிடுங்கள். கழுத்து வலிக்கும் அதே நொடியில் எதிரே நிற்பது பூனை. நாயின் கணக்கில் பூனை வந்தால் வலி வரும். அடுத்த முறை இன்னும் முன்னதாகவே குரைக்கத் தொடங்கும். விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமும், நடத்தைச் சிக்கல் உள்ள நாய்களுக்குக்கூட வெகுமதி தரும் பயிற்சியே வேண்டும் என்று 2021இல் பரிந்துரைத்தது.

உங்கள் கையில் இருப்பது தூரம். பூனை கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆனாலும் நீங்கள் நீட்டும் தீனியை நாயால் நிதானமாகத் தின்ன முடிய வேண்டும். அந்தத் தூரத்தைக் கண்டுபிடியுங்கள். இறைச்சித் துண்டை வெடுக்கென்று பிடுங்கினால் நெருங்கிவிட்டீர்கள். முகர்ந்துகூடப் பார்க்காவிட்டால் மிகவும் நெருங்கிவிட்டீர்கள், பின்வாங்குங்கள்.

இதில் வரிசைதான் முக்கியம். பெரும்பாலானவர்கள் தவறுவதும் இங்கேதான். முதலில் நாய் பூனையைப் பார்க்க வேண்டும். அடுத்த நொடியே தீனி. பூனை மறைந்ததும் தீனியும் நின்றுவிட வேண்டும். தீனியை முன்கூட்டியே நீட்டினால், ‘இதோ ஏதோ வரப்போகிறது’ என்று நீங்களே எச்சரித்ததாகிவிடும். இப்படித் தொடர்ந்தால், பூனையைப் பார்த்துவிட்டு ‘எங்கே என் பங்கு?’ என்று உங்கள் பக்கம் திரும்பும். அப்போது இரண்டடி நெருங்கலாம், அதற்கு மேல் அல்ல.

குரைப்பதற்கு முன்பே நாய் சொல்லிவிடும். வாய் மூடும், காதுகள் முன்னே வரும், உடலின் எடை முன்னங்கால்களுக்குப் போகும், பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும். உடனே திரும்பி நடந்துவிடுங்கள். இப்படித் திரும்புவதை வீட்டுக்குள்ளேயே, ஒரு சொல்லோடு, விளையாட்டாகப் பழக்கி வையுங்கள். தெருமுனையில் திடீரென்று நேருக்கு நேர் மாட்டிக்கொண்டால் பயிற்சியெல்லாம் வேண்டாம், விலகிப் போங்கள். சற்றுத் தள்ளி வந்ததும் தரையில் தீனியைத் தூவி மோப்பம் பிடிக்க விடுங்கள், பதற்றம் தணியும். அன்றைக்கு அதோடு போதும். ஒன்றின்மேல் ஒன்றாகப் பதற்றம் ஏறினால், வழக்கமாகக் கண்டுகொள்ளாததற்கும் சீறும்.

கழுத்துப்பட்டைக்குப் பதில் மார்பில் வளையம் உள்ள ஹார்னஸ் (உடம்பைச் சுற்றி மாட்டும் வார்) போடுங்கள். கயிறு இரண்டு மீட்டர் போதும். தானாக நீண்டு சுருங்கும் வகை வேண்டாம். இந்தக் குணம் திடீரென்று வந்திருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். உடம்பில் வலி இருக்கலாம். ஏற்கெனவே எதையாவது கடித்திருந்தால், நடத்தைச் சிக்கல்களைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் துணையில்லாமல் இதைத் தொடங்க வேண்டாம். ஓடும் சிறு பிராணியைத் துரத்துவது சில நாய்களுக்கு இரத்தத்திலேயே ஊறியது. எவ்வளவு நன்றாகப் பழகினாலும், பூனைகள் திரியும் இடத்தில் அத்தகைய நாய்களைக் கயிறில்லாமல் விடாதீர்கள்.