தாலித் தட்டை யார் ஏந்துவது?

வேலூர், குடியாத்தம், ஆரணிப் பக்கத்தில் இருபது வருஷமாகக் கல்யாணங்களை முன்னின்று நடத்திவைக்கிறேன். இந்த முறை வந்த கேள்விகளும் என் பதில்களும்.

ஐயர் வைக்காமல் தாலி கட்டினால் சட்டப்படி செல்லுமா? (வாணியம்பாடி)

செல்லும். இருவரும் இந்துவாக இருந்தால், 1967-இல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த திருத்தப்படி இந்து திருமணச் சட்டம் 7-ஏ பிரிவு இருக்கிறது. உறவினரோ நண்பரோ முன்னிலையில், புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னால் போதும். மாலை மாற்றினாலும், மோதிரம் போட்டாலும், தாலி கட்டினாலும் சரி. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 நிறைந்திருக்கணும். 90 நாளுக்குள் பதிவு செய்துவிடுங்கள். வேறு வேறு மதம் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம். அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு உண்டு, தேதியை அதற்கேற்பக் குறியுங்கள்.

அப்பா இல்லை. அம்மா தாலித் தட்டைத் தொடக் கூடாது என்கிறார் பெரியம்மா. (காட்பாடி)

அம்மாதான் ஏந்தணும். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. உங்களைத் தனியாக வளர்த்த கைகளைவிட எந்தக் கை மங்கலமானது?

குடியாத்தத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்த நேரத்தில் பெண்ணின் அம்மா பந்தி நடக்கிற கூடத்தில் தூணோரமாக நின்றுகொண்டிருந்தார். பெண் மணையிலிருந்து எழுந்துபோய்க் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். தட்டை வாங்கியதும் அந்த அம்மாவுக்குக் கை நடுங்கி, தேங்காய் உருண்டது. மாப்பிள்ளை சட்டென்று தட்டுக்கு அடியில் கை கொடுத்துப் பிடித்துக்கொண்டான். நாதஸ்வரக்காரர் அந்த அம்மா தலையசைக்கும்வரை காத்திருந்துதான் கெட்டி மேளத்துக்குச் சைகை காட்டினார். முணுமுணுத்தவர்களும் அட்சதை போட்டார்கள்.

ஆனால் மணமேடையில் சண்டை வேண்டாம். ஒரு மாதம் முன்பே பெரியம்மா வீட்டுக்கு நேரில் போங்கள். "நீங்களும் பக்கத்தில் நின்னு ஒரு கை பிடிங்க பெரியம்மா" என்று கேளுங்கள். எத்தனையோ பேர் அந்த ஒரு சொல்லுக்கு இளகிப்போனதைப் பார்த்திருக்கிறேன். அதோடு அம்மாவையும் கேளுங்கள். அவருக்கே தயக்கம் இருந்தால் வற்புறுத்தாமல் கூட உட்கார்ந்து பேசுங்கள்.

அக்னி இல்லாத கல்யாணம் நம்ம வழக்கமே இல்லை என்கிறார்கள். (ஆரணி)

அகநானூற்றின் 86-ஆம் பாட்டைக் காட்டுங்கள். மணல் பரப்பிய பந்தல், விளக்கு, உளுந்து சேர்த்த பொங்கல். பிள்ளை பெற்ற பெண்கள் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணப்பெண்ணை நீராட்டி வாழ்த்துகிறார்கள். தீயும் இல்லை, மந்திரமும் இல்லை. நம்ம நலங்குக்கும் இதற்கும் ரொம்பத் தூரமில்லை. நலங்கு வைக்க, உங்களைத் தூக்கி வளர்த்த நாலு பெண்களை அழையுங்கள்.

வள்ளிமலையில் வைக்க ஆசை. ஆனால் தாத்தாவால் படியேற முடியாது. (பொன்னை)

முதல் நாள் நீங்கள் இருவரும் மலையேறிக் கும்பிட்டு வாருங்கள். முகூர்த்தத்தைக் கீழே, தாத்தா உட்கார்ந்து பார்க்கிற இடத்தில் வையுங்கள். வள்ளி தினைப்புனம் காத்த மலை அது. பந்தலில் எல்லாருக்கும் தேனும் தினைமாவும் கொடுங்களேன்.

உறுதிமொழி எழுதினால் சினிமா வசனம் மாதிரி வருகிறது. (சத்துவாச்சாரி)

"உயிர் உள்ளவரை" என்று தொடங்கினால் அப்படித்தான் வரும். நாளைக்குச் செய்யப்போகிற ஒன்றைச் சொல்லுங்கள். நர்ஸ் வேலை பார்க்கும் பெண்ணிடம் ஒரு பையன், "நைட் டூட்டி முடிஞ்சு நீ வரும்போது வீட்டில் சுடுசோறு இருக்கும்" என்றான். அவள் அழுதுவிட்டாள், பின்வரிசையில் அவளோடு வேலை பார்க்கிறவர்களும்தான். மூன்று வாக்கியம் போதும். செல்போனைப் பார்த்துப் படிக்காமல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் மேளத்தை நிறுத்தச் சொல்லி, மைக்கை யார் பிடிப்பது என்பதையும் முதல் நாளே பேசிவையுங்கள்.