பெட்டியில் மேனுவல் எங்கே? கேம் வாங்குபவர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நின்டெண்டோ ஸ்விட்சுக்குப் புதிதாக ஒரு கேம் வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் வலது பக்கம் கேம் இருக்கும் ஒரு குட்டிக் கார்டு, அவ்வளவுதான். இடது பக்கம் புத்தகம் செருகுகிற மாதிரி இரண்டு பிளாஸ்டிக் கொக்கி இருக்கிறது, ஆனால் புத்தகம் இல்லை. கடையில் யாராவது எடுத்துவிட்டார்களா? திருப்பிக் கொடுத்துக் காசு கேட்கலாமா?

யாரும் எடுக்கவில்லை. ஸ்விட்ச் கேம்களில் பெரும்பாலானவை மேனுவல் இல்லாமல்தான் வருகின்றன. அந்தக் கொக்கி எல்லாக் கேமுக்கும் ஒரே அச்சில் செய்கிற பெட்டியின் ஒரு பகுதி. எப்போதாவது ஒரு நிறுவனம் சின்னப் புத்தகம் வைத்தால் அதில் செருகுவார்கள், இல்லையென்றால் காலியாக இருக்கும். உங்கள் கண்ணுக்கு ஏதோ குறைகிற மாதிரி தெரிவதில் ஆச்சரியமில்லை.

காசு திருப்பிக் கேட்க முடியுமா என்றால், பெட்டியின் பின்பக்கத்திலோ, நீங்கள் வாங்கிய விற்பனைப் பக்கத்திலோ "இத்துடன் வருபவை" என்று மேனுவலோ வரைபடமோ ஸ்டிக்கரோ குறிப்பிட்டிருந்து அது இல்லாமல் போனால் தாராளமாகக் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். குறிப்பிடவில்லை என்றால் உங்கள் பக்கம் பிடிமானம் இல்லை. இன்னொன்று, சீல் பிரித்த பெட்டியைப் புதியது என்று விற்றிருந்தால் அது தனிப் புகார். கார்டு மட்டும் சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மரம் வெட்டுவதைக் குறைக்கத்தான் மேனுவலை நிறுத்தினார்கள் என்று படித்தேன். நிஜமாகவே அதுதான் காரணமா?

அப்படிச் சொன்னது உண்மை. கேம் நிறுவனமான யூபிசாஃப்ட் 2010 ஏப்ரலில், பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களுக்கு இனி அச்சு மேனுவல் கிடையாது, கேமுக்குள்ளேயே டிஜிட்டலாக இருக்கும் என்று அறிவித்தபோது சுற்றுச்சூழலைத்தான் முதல் காரணமாக வைத்தது. அடுத்த வருடமே எலக்ட்ரானிக் ஆர்ட்ஸும் அதே வழிக்கு வந்தது. காகிதம் மிச்சமாகிறது என்பதை நான் மறுக்கவில்லை. அச்சுச் செலவும்தானே மிச்சமாகிறது, ஆனால் அந்த மிச்சம் விலைக் குறைப்பாக வாங்குபவர் கைக்கு வந்து நான் பார்க்கவில்லை.

ஆனால் கதை 2010-இல் தொடங்கவில்லை. மேனுவல் ஏன் இருந்தது என்று பார்த்தால் ஏன் போனது என்பதும் புரியும். 1980-களில் கேமுக்குள் எழுத்து வைக்க இடம் மிகக் குறைவு. இன்ஃபோகாம் நிறுவனம் 1982-இல் 'டெட்லைன்' என்று ஒரு துப்பறியும் கேம் வெளியிட்டது, முழுக்க எழுத்திலேயே நடக்கிற கேம். சொல்ல நினைத்த எல்லாமே டிஸ்கில் அடங்கவில்லை. அதனால் மிச்சத்தை வெளியே எடுத்துக் காகிதத்தில் கொடுத்தார்கள்: போலீஸ் கோப்பு மாதிரி ஒரு உறை, அதற்குள் சாட்சிகளிடம் எடுத்த வாக்குமூலங்கள், ஆய்வக அறிக்கை, சம்பவ இடத்தின் படம், ஒரு குட்டிப் பிளாஸ்டிக் பையில் மாத்திரைகள்கூட! விளையாடுகிறவர் கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன்பே வழக்குக்குள் போய்விடுவார். அது பிடித்துப்போய் அடுத்தடுத்த கேம்களுக்கும் இப்படிப் பொருட்கள் வைக்க ஆரம்பித்தார்கள், அவற்றுக்கு 'ஃபீலீஸ்' என்று பெயரே வந்துவிட்டது. 1985-இல் வந்த 'அல்டிமா 4' பெட்டியில் துணியில் அச்சடித்த வரைபடம் ஒன்றும், உலோகத்தில் செய்த ஆங்க் என்ற பண்டைய எகிப்தியச் சின்னம் ஒன்றும் இருந்தன. அந்த வரைபடத்தில் ஊர்ப் பெயர்கள் ரூன் என்ற பழைய வட ஐரோப்பிய எழுத்தில் இருக்கும். எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் எந்த ஊர் எங்கே என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மேனுவலின் இரண்டாவது வேலை, திருட்டுப் பிரதியைத் தடுப்பது. டிஸ்கை நகலெடுப்பது சுலபம், ஆனால் அப்போது எல்லோர் வீட்டிலும் ஜெராக்ஸ் மிஷின் கிடையாது. 1991-இல் வந்த 'சிவிலைசேஷன்' ஆட்டத்தின் நடுவில் நிறுத்தி மேனுவலில் இருந்து கேள்வி கேட்கும். 1990-இன் 'மங்கி ஐலண்ட்' பெட்டியில் கடற்கொள்ளையர் முகங்கள் போட்ட ஒரு காகிதச் சக்கரம் வரும், திரையில் தெரிகிற முகம் வரும்வரை அதைச் சுழற்றி, கிடைக்கும் எண்ணை டைப் செய்ய வேண்டும்.

அப்புறம் சிடி வந்தது, டிவிடி வந்தது, இடப் பிரச்சினை போயிற்று. முதல் அரை மணி நேரத்தை கேமே கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தது. இன்டர்நெட் வந்து அப்டேட் வழக்கமானதும் அச்சுப் புத்தகத்துக்கு இன்னொரு அடி விழுந்தது. கேம் வெளிவருவதற்கு வாரக்கணக்கில் முன்பே அச்சுக்குப் போன புத்தகத்தில் "இந்த ஆயுதம் இவ்வளவு பலம்" என்று இருக்கும், முதல் அப்டேட்டிலேயே அது மாறிவிடும். இந்தக் காரணம் நியாயமானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வரைபடம், கதைப் பின்னணி, ஓவியங்கள், பாத்திர அறிமுகம் இவையெல்லாம் எந்த அப்டேட்டிலும் பழசாவதில்லையே. அவற்றையும் சேர்த்துத் தூக்கி எறிந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

கேள்வி: பழைய கேம்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்க ஆரம்பித்திருக்கிறேன். மேனுவல் இல்லாதவை நன்றாக விலை குறைவாகக் கிடைக்கின்றன. விளையாடத்தான் வாங்குகிறேன், அலமாரியில் வைக்க அல்ல. மேனுவல் இல்லாமல் வாங்கலாமா?

விளையாடத்தான் என்றால் வாங்குங்கள். ஆனால் வாங்குவதற்கு முன் அந்தக் கேமை முடிக்கக் காகிதம் தேவையா என்று ஐந்து நிமிடம் தேடிப் பார்த்துவிடுங்கள். சில கேம்களில் காகிதம் ஆட்டத்தின் ஒரு பகுதியாகவே இருக்கும். சிறந்த உதாரணம் நின்டெண்டோவின் 'ஸ்டார்ட்ராபிக்ஸ்', 1990. பெட்டியில் ஹீரோவின் மாமா எழுதிய ஒரு கடிதம் இருக்கும், பார்க்கச் சாதாரணக் கடிதம்தான். பாதி ஆட்டத்தில் கேம் உங்களிடம் அந்தக் கடிதத்தைத் தண்ணீரில் முக்கச் சொல்லும். நிஜத் தண்ணீர், நிஜக் கடிதம். முக்கினால் மறைந்திருந்த எழுத்து தெரியும், அதில் 747 என்ற எண் இருக்கும், அதைப் போட்டால்தான் மேலே போக முடியும். வாடகைக்கு எடுத்தவர்களும், கார்ட்ரிட்ஜ் மட்டும் வாங்கியவர்களும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள்.

1998-இல் வந்த 'மெட்டல் கியர் சாலிட்' கேமிலும் இப்படித்தான், ஒரு பாத்திரம் "மெரில் என்பவரின் ரேடியோ அலைவரிசை சிடி கேஸின் பின்பக்கம் இருக்கிறது" என்று சொல்லும். கேமுக்குள் ஏதோ சிடி இருக்கிறது போல என்று மணிக்கணக்கில் தேடியவர்கள் உண்டு. நம் கையில் இருக்கும் பெட்டியின் பின்பக்கப் படத்தில்தான் அந்த எண் இருக்கிறது, 140.15.

இந்த இரண்டு எண்களும் இப்போது உங்களுக்குத் தெரியும். மற்றவற்றுக்கு இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணைய நூலகத்தில் ஏராளமான மேனுவல்களை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறார்கள், காசு இல்லாமல் படிக்கலாம். கம்ப்யூட்டரில் விளையாடுபவர் என்றால் ஜிஓஜி தளத்தில் பழைய கேம் வாங்கும்போது பல கேம்களுக்கு மேனுவல் பிடிஎஃப் கூடவே கிடைக்கும்.

மேனுவலோடு சேர்த்துத்தான் வேண்டும் என்று கூடுதலாகக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், முன் அட்டையின் படம் மட்டும் போதாது. நடுப்பக்கத்தைப் பிரித்து, ஸ்டேப்ளர் பின் தெரிகிற மாதிரிப் படம் கேளுங்கள். புதிதாக அடித்த நகல்கள் சந்தையில் நிறைய சுற்றுகின்றன. நகல் என்று சொல்லி விற்பவரிடம் வாங்குவதில் ஒரு தப்பும் இல்லை, அசல் என்று சொல்லி விற்பதுதான் ஏமாற்று. ஸ்கேனில் இருந்து அடித்ததில் மிகச் சிறிய எழுத்துகள் கொஞ்சம் கலங்கலாக இருக்கும், எச்சரிக்கைப் பக்கத்தையும் கடைசி அட்டையில் இருக்கிற பொடி எழுத்தையும் நெருக்கத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பாருங்கள். அனுப்பத் தயங்குகிறவரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: மேனுவல், வரைபடம் எல்லாம் வேண்டுமென்றால் கூடுதல் பொருட்களோடு அதிக விலைக்கு வரும் கலெக்டர்ஸ் எடிஷன்தான் வழியா? முன்பதிவு செய்யலாமா?

வழிதான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு முன்பதிவு செய்யாதீர்கள். 2018-இல் 'ஃபால்அவுட் 76' கேமின் 200 டாலர் பதிப்பில் கேன்வாஸ் துணிப் பை வரும் என்று விளம்பரம் செய்தார்கள், வந்தது மெல்லிய நைலான் பை. கேன்வாஸ் கிடைக்கவில்லை என்று காரணம் சொல்லி, கேமுக்குள் செலவழிக்கிற 500 நாணயங்களை ஈடாகக் கொடுக்கப் பார்த்தார்கள். வாங்கியவர்கள் விடவில்லை. கடைசியில் கேமை வெளியிட்ட பெதஸ்டா நிறுவனம் இறங்கி வந்து கேன்வாஸ் பையே தயாரித்து அனுப்ப ஒப்புக்கொண்டது. அந்த விஷயத்தில் வாங்கியவர்கள் கையில் இருந்த ஆதாரம் விற்பனைப் பக்கத்தில் எழுதியிருந்த 'கேன்வாஸ்' என்ற ஒற்றை வார்த்தை. ஆகவே முன்பதிவு செய்த அன்றே அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். "படத்தில் உள்ளது மாதிரிக்கு மட்டும்" என்று எங்காவது சின்னதாக இருந்தால், எழுத்தில் இருப்பதை மட்டும் நம்புங்கள்.

கூடுதல் விலை கொடுத்தால்தான் இதெல்லாம் கிடைக்கும் என்பதும் எப்போதும் உண்மையில்லை. 2015-இல் 'விட்சர் 3' வெளிவந்தபோது சாதாரண விலைப் பெட்டியிலேயே வரைபடம், ஸ்டிக்கர், இசை சிடி, உலகத்தைப் பற்றிய சிறு புத்தகம், வாங்கியதற்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எல்லாம் வைத்திருந்தார்கள். மனசு இருந்தால் முடிகிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

கேள்வி: ஸ்விட்ச் 2 பெட்டியில் கார்டு இருந்தும் கேமை டவுன்லோட் செய்யச் சொல்கிறது. கார்டு பழுதா?

பழுதில்லை. அது 'கேம் கீ கார்டு'. கார்டில் கேம் இல்லை, சாவி மட்டும்தான் இருக்கிறது. முதல் தடவை இன்டர்நெட்டில் இருந்து முழுக் கேமையும் இறக்க வேண்டும், அதன் பிறகும் விளையாடும்போதெல்லாம் கார்டு உள்ளே இருக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கம் கீழே இதை அச்சிட்டிருப்பார்கள், வாங்குமுன் அங்கே பாருங்கள். ஒரு நல்ல விஷயம், இதை விற்கலாம், நண்பருக்குக் கொடுக்கலாம். பெட்டிக்குள் டவுன்லோட் கோடு அச்சிட்ட சீட்டு மட்டும் வருகிறதே, அதில் அந்த வழியும் இல்லை, ஒருமுறை போட்டால் தீர்ந்தது. மேனுவலை எடுத்தார்கள், பேசாமல் இருந்தோம். இப்போது கேமே பெட்டியில் இல்லை. இதில் நான் கறாராக இருக்கிறேன், ஒரே கேம் முழுசாகக் கார்டிலோ டிஸ்கிலோ வேறு கன்சோலுக்குக் கிடைத்து, அந்தக் கன்சோலும் உங்களிடம் இருந்தால், அதையே வாங்குங்கள்.

கேள்வி: என் மகளுக்கு எட்டு வயது. திரையில் வரும் விளக்கங்களைப் படிக்காமல் தள்ளிவிடுகிறாள், ஆனால் புத்தகம் என்றால் உட்கார்ந்து படிப்பாள். மேனுவல் பிடிஎஃப்பை நானே அச்சடித்துக் கொடுக்கலாமா?

வீட்டு உபயோகத்துக்குத் தாராளமாக. பிரிண்டர் செட்டிங்கில் 'புக்லெட்' என்று இருக்கும், அதைத் தேர்ந்தெடுத்து ஏ4 தாளில் இரண்டு பக்கமும் அடித்து நடுவில் மடித்தால் பாதி அளவுப் புத்தகம் தயார். பக்க எண்ணிக்கை நான்கால் வகுபடவில்லை என்றால் கடைசியில் வெற்றுப் பக்கங்கள் வரும், அவள் குறிப்பு எழுதிக்கொள்ளட்டும். பழைய மேனுவல்களிலும் கடைசியில் குறிப்புக்கென்று காலிப் பக்கம் விட்டிருப்பார்கள். நடுவில் குத்த நீளக் கை ஸ்டேப்ளர் வேண்டும், இல்லையென்றால் ஊசி நூலால் மூன்று தையல் போட்டால் போதும். கொஞ்சம் பெரியவளானதும் 2022-இல் வந்த 'டியூனிக்' கேமை வாங்கிக் கொடுங்கள். அதில் கேமின் மேனுவல் பக்கம் பக்கமாகப் பிரிந்து உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துப் படித்தால்தான் ஆட்டம் புரியும்.