தலைசுற்றல், படபடப்பு, "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்": கேள்வி பதில்

நான் சிங்கப்பூரில் பிசியோதெரபிஸ்ட். தலைசுற்றலும் தள்ளாட்டமுமாக வருகிறவர்களைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ சொல்ல மாட்டேன். முதலில் ஒன்று: தலைசுற்றலோடு வாய் கோணுவது, பேச்சு குழறுவது, ஒரு பக்கம் கை கால் இழுப்பது, எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவது, நிற்கவே முடியாமல் போவது, இதுவரை வராத அளவுக்குத் தலைவலி, இதில் எது திடீரென்று வந்தாலும் இங்கே கேள்வி எழுதிக்கொண்டு இருக்காதீர்கள், 995ஐக் கூப்பிடுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், அதற்குச் சீக்கிரம் மருந்து தொடங்கினால்தான் பலன்.

செங்காங், வயது 38: பிப்ரவரியில் ஒருநாள் காலையில் எழுந்தால் வீடே சுற்றியது, ஒரே வாந்தி. காது நரம்பில் வைரஸ் என்றார்கள். அந்தச் சுற்றல் போய்விட்டது, ஆனால் இன்றுவரை நாள் முழுக்கப் படகில் நிற்கிற மாதிரி இருக்கிறது. முஸ்தஃபா கடையில் அலமாரி வரிசைகளுக்கு நடுவே போனால் தரை நழுவுகிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வெளியே ஓடி வந்துவிடுகிறேன். எம்ஆர்ஐ, ரத்தம், காது எல்லாம் நார்மல். மாமியார் "எல்லாம் உன் நினைப்பு" என்கிறார்.

பதில்: நினைப்பு இல்லை. அதை முதலில் மாமியாரிடம் சொல்லுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

நாம் நேராக நிற்பதற்கு மூளைக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் போகிறது: உள்காது, கண், பாதமும் மூட்டுகளும். பிப்ரவரியில் உங்கள் காது பொய்த் தகவல் கொடுத்தது, மூளை அதை நம்பாமல் கண்ணை அதிகமாகப் பிடித்துக்கொண்டது. அந்த நேரத்துக்கு அதுதான் சரி. காது ஆறிய பிறகும் மூளை பழையபடி திரும்பாமல் அந்த உஷார் நிலையிலேயே நின்றுவிட்டது. பாத்ரூமில் ஒரு தடவை வழுக்கி விழுந்தவர் காய்ந்த தரையிலும் விறைப்பாகவே நடப்பார் இல்லையா, அது மாதிரிதான். கண்ணை மட்டும் நம்புகிற மூளைக்கு முஸ்தஃபா மாதிரி இடம் பெரிய சோதனை, தரையிலிருந்து கூரைவரை சாமான், இரண்டு பக்கமும் ஆட்கள் நகர்ந்துகொண்டே இருக்கிறார்கள், எது அசைகிறது, நாமா அவர்களா என்று அதற்குப் புரிவதில்லை. எஸ்கலேட்டர், கட்டம் கட்டமான தரை, கைப்பேசியில் வேகமாகத் தள்ளிப் பார்ப்பது, இதிலெல்லாமும் உங்களுக்கு அதிகமாகும் என்று நினைக்கிறேன்.

படபடப்பு ஏன் கூடவே வருகிறது? சமநிலையைப் பார்க்கிற மூளைப் பகுதியும் பயத்தைப் பார்க்கிற பகுதியும் நரம்பால் இணைந்தவை. தரை நழுவுகிறது என்று ஒன்று சொன்னால் இன்னொன்று ஓடு என்கிறது. பயம் வந்ததும் உடம்பு விறைக்கிறது, மூச்சு வேகமாகிறது, வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து மூளைக்குப் போகிற ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தலை இன்னும் கிறுகிறுக்கிறது, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மரத்துப்போகிறது. எது முதலில் வந்தது என்று தேடுவதில் பயனில்லை, இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எம்ஆர்ஐ மூளையின் அமைப்பைக் காட்டும். எந்தத் தகவலை மூளை எவ்வளவு நம்புகிறது என்பதைக் காட்டாது. அதனால் "நார்மல்" என்றால் கட்டி இல்லை, பக்கவாதம் இல்லை என்றுதான் பொருள், உங்களுக்கு ஒன்றுமே இல்லை என்று பொருளில்லை. மூன்று மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாள்களில் இப்படி இருந்து, நிற்கும்போதும் நடக்கும்போதும் கூட்டத்திலும் கூடினால், அதற்கு பிபிபிடி (PPPD, நீடித்து நிற்கிற தள்ளாட்டத் தலைசுற்றல்) என்று ஒரு பெயரே இருக்கிறது. இந்தத் துறை மருத்துவர்களின் உலக அமைப்பான பாரானி சொசைட்டி 2017இல் அதற்கு அளவுகோல் எழுதியது. அதற்கு முன்பும், 1986இலேயே, ஜெர்மனியில் இதே மாதிரி நோயாளிகளை விவரித்திருக்கிறார்கள். ஆகவே நீங்கள் தனி ஆள் இல்லை.

அரசு பாலிகிளினிக்கில் சிபாரிசுக் கடிதம் வாங்கிக்கொண்டு காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள், தலைசுற்றலுக்கென்று பிசியோதெரபி இருக்கிறதா என்று கேளுங்கள். பாலிகிளினிக் வழியாகப் போனால் மானியக் கட்டணம் கிடைக்கும். அங்கே உங்கள் அளவுக்குப் பயிற்சி கொடுப்பார்கள், கூடவே மனநல ஆலோசனையோ மருந்தோ தேவைப்படலாம். முஸ்தஃபாவை விட்டுவிடாதீர்கள். கூட்டம் இல்லாத காலை நேரத்தில் ஒரே ஒரு வரிசை, ட்ராலியைப் பிடிக்காமல், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நடங்கள். கிறுகிறுப்பு வரும். வந்தால் ஓடாமல் நின்று, அது தணிய ஆரம்பித்ததும் வெளியே வாருங்கள். ஓடி வந்தால் மூளை "நல்லவேளை தப்பித்தோம்" என்றுதான் கற்றுக்கொள்கிறது. அடுத்த வாரம் இரண்டு வரிசை.

அப்புறம், வாந்திக்குக் கொடுத்த ஸ்டெமெட்டில் இன்னும் போடுகிறீர்களா? அது முதல் சில நாள்களுக்கு மட்டும். மாதக்கணக்கில் போட்டால் மூளை பழகிக்கொள்வதையே தடுக்கும். டாக்டரிடம் பேசுங்கள்.

ஈசூன்: ஸ்டெமெட்டில் ஆறு மாதமாக, தினம் ஒன்று. தொடரலாமா?

பதில்: இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். மேலே எழுதியதையும் படியுங்கள். வயதானவர்களுக்கு இது கை நடுக்கத்தையும் விறைப்பையும்கூடக் கொண்டுவரும்.

துவாஸ், கட்டுமான ஊழியர்: உயரத்தில் வேலை அக்கா. மதியத்தில் கண் இருட்டுகிறது, கால் நடுங்குகிறது. சூப்பர்வைசரிடம் சொன்னால் அனுப்பிவிடுவாரோ என்று பயம்.

பதில்: தம்பி, உங்கள் கேள்வியைத்தான் நான் முதலில் எடுத்திருக்க வேண்டும். கண் இருட்டுகிற நாளில் மேலே ஏறாதீர்கள், எந்தக் காரணத்துக்கும். இது பதற்றமாக இருக்காது, வெயில், தண்ணீர் போதாதது, காலையில் சாப்பிடாதது, தூக்கம் இல்லாதது, இவைதான் முதல் சந்தேகம். மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் விதியைக் கடுமையாக்கியது: டபிள்யூபிஜிடி (வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்துக் கணக்கிடுகிற வெப்ப அளவு) 32 டிகிரியைத் தொட்டால் கடுமையான வேலை செய்கிறவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 10 நிமிட ஓய்வு நிழலில் கொடுக்க வேண்டும். ஓய்வு கேட்பது சலுகை இல்லை. நாளைக்கே கிளினிக்குக்குப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள், உயரத்தில் வேலை என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள், தரையில் வேலை கொடுக்கும்படி அவர் எழுதித் தருவார்.

ஜூரோங் வெஸ்ட், வயது 67: எல்லாரும் காது, பயம் என்கிறீர்கள். எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம். எக்ஸ்ரேயிலேயே தெரிகிறது. ஊர் டாக்டர் சொல்லிக் கழுத்துப் பட்டை போட்டிருக்கிறேன்.

பதில்: ஐயா, உங்கள் வயதில் யாருக்கு எக்ஸ்ரே எடுத்தாலும் கழுத்தில் தேய்மானம் தெரியும், தலை சுற்றாதவருக்கும் தெரியும். எக்ஸ்ரேயில் இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகாது. நம் ஆட்களில் தலை சுற்றுகிறது என்றதும் கழுத்துப் பட்டையோடு திரும்பி வருகிற பலரை நான் பார்க்கிறேன், எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பட்டை போட்டால் கழுத்துத் தசை பலவீனமாகும், தலையை அசைக்காததால் மூளையும் பழகாது. எந்த அசைவில் சுற்றுகிறது, எவ்வளவு நேரம்?

மீண்டும் ஜூரோங் ஐயா: இடது பக்கம் திரும்பிப் படுத்தால், மேல் அலமாரியில் எதையாவது எடுக்க அண்ணாந்தால். அரை நிமிடம் அறையே சுழலும், அப்புறம் நின்றுவிடும். பட்டை போட்டால் வருவதில்லையே, அதுவே ஆதாரம்தானே?

பதில்: பட்டை போட்டால் நீங்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை, அதனால் வருவதில்லை, அவ்வளவுதான். படுக்கையில் ஒரு பக்கம் திரும்பினால், அண்ணாந்தால், ஒரு நிமிடத்துக்குள் நிற்கிற சுழற்சி! நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் மனதில் வருவது உள்காதில் இடம் மாறிய கால்சியம் துகள்கள். ஓரிடத்தில் ஒட்டியிருக்க வேண்டிய துகள் கழன்று அரைவட்டக் குழாய்க்குள் போய்விடுகிறது, தலை அசையும்போது அதுவும் உருண்டு அங்குள்ள திரவத்தைத் தள்ளுகிறது. கண்டுபிடிக்க ஸ்கேன் வேண்டாம், மேசையில் உங்களைச் சாய்த்துக் கருவிழி வெட்டி வெட்டி அசைகிறதா என்று பார்த்தால் போதும், 1952இலிருந்து இருக்கிற சோதனை. சரிசெய்வதும் மாத்திரையால் இல்லை, தலையை வரிசையாகச் சில நிலைகளில் வைத்துத் துகளை வெளியே உருட்டிவிட வேண்டும். அமெரிக்க டாக்டர் ஜான் எப்ளி உருவாக்கிய முறை, சில நிமிட வேலை, பலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே நின்றுவிடுகிறது. நேரில் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். ஆனால் இதைச் சோதிக்காமல் இன்னொரு நாள்கூடப் பட்டை போடாதீர்கள்.

பிடோக்: ஐயா சொல்வதுதான் சரி. எனக்கும் இதே சுற்றல், சலூனில் மசாஜ் செய்து கழுத்தை நெட்டி முறித்தார்கள், இரண்டு வாரத்தில் போய்விட்டது. காதுக்குள் கல் என்றெல்லாம் பயமுறுத்தாதீர்கள்.

பதில்: அந்தத் துகள் பலருக்குச் சில வாரங்களில் தானாகவே கரையும் அல்லது இடத்துக்குத் திரும்பும். நீங்கள் எதைச் செய்திருந்தாலும் இரண்டு வாரத்தில் போயிருக்கலாம். ஆனால் தயவுசெய்து இதைப் படிக்கிற எல்லாரும் கேளுங்கள்: தலை சுற்றுகிறவர் கழுத்தை யாரும் மளுக்கென்று திருப்பக் கூடாது. கழுத்து வழியாக மூளைக்குப் போகிற ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அபூர்வம்தான், ஆனால் நடப்பது. முடி வெட்டியதும் கழுத்துப் பக்கம் கை வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

ஜூரோங் ஐயா: அப்படியென்றால் ஊர் டாக்டர் முட்டாளா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை ஐயா. கழுத்துவலி இருக்கிறது, அதற்கு அவர் மருத்துவம் பார்த்தார். தலைசுற்றலுக்குப் படுக்க வைத்துச் சோதிக்கவில்லை. அந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள் என்பதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

தெம்பனிஸ்: எனக்கும் கழுத்துத் தேய்மானம் இருக்கிறது, அதனால்...

பதில்: மேலே ஜூரோங் ஐயாவுக்கு எழுதியது உங்களுக்கும் சேர்த்துத்தான்.

பொங்கோல்: தலைசுற்றலுக்குப் போனால் டாக்டர் மனச்சோர்வு மாத்திரை எழுதிவிட்டார். எனக்கு மனச்சோர்வே இல்லை. வேலைக்கு விண்ணப்பித்தால் இதைச் சொல்ல வேண்டுமா?

பதில்: அந்த வகை மாத்திரை பதற்றத்துக்கும், நான் முதலில் சொன்ன நீடித்த தள்ளாட்டத்துக்கும் கொடுப்பதுண்டு, மனச்சோர்வு இருந்தால்தான் என்றில்லை. பலன் தெரியச் சில வாரம் ஆகும், முதல் சில நாள்கள் படபடப்பு கூடினாற்போலவும் இருக்கலாம், அதைப் பார்த்துப் பயந்து நீங்களாக நிறுத்தாதீர்கள். வேலை விஷயம் என் துறை இல்லை. 2025 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிடப் பாகுபாட்டுச் சட்டத்தில் மனநலமும் சேர்ந்திருக்கிறது என்பது மட்டும் தெரியும். விவரத்தை டாஃபெப்பில் (வேலையிடத்தில் நியாயமான நடைமுறைக்கான அமைப்பு) கேளுங்கள்.

உட்லண்ட்ஸ்: ஸ்டெமெட்டிலுக்குப் பதிலாக ஸ்டுகெரான் போடலாமா, நீண்ட நாளைக்கு?

பதில்: வேண்டாம். மருந்து வேறு, ஆனால் எச்சரிக்கை அதேதான். மூன்றாவது தடவை எழுதுகிறேன்.

ஹவ்காங்: ராத்திரி தூக்கத்திலிருந்து திடுக்கென்று எழுந்து, செத்துவிடுவேன் என்று இருக்கிறது. இரண்டு தடவை அவசரப் பிரிவுக்குப் போய் ஈசிஜி பார்த்தாயிற்று, இதயம் நன்றாக இருக்கிறது என்றார்கள். மூன்றாவது தடவை போக வெட்கமாக இருக்கிறது.

பதில்: வெட்கப்படாதீர்கள். புதிதாக நெஞ்சுவலியோ மயங்கி விழுவதோ வந்தால் மூன்றாவது தடவையும் போங்கள். பழைய மாதிரியே வந்தால், அது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கும். எழுந்து உட்கார்ந்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், மெதுவாக. பெரிதாக இழுத்து இழுத்து விடாதீர்கள், அதுதான் கிறுகிறுப்பைக் கூட்டுகிறது. பகலில் பாலிகிளினிக்கில் இதற்கென்றே ஒரு சந்திப்புப் போடுங்கள், தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். நடு ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 1771, தேசிய மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

செங்காங் (முதல் கேள்வி கேட்டவர்): நன்றி அக்கா. இன்னொன்று. வரும் தைப்பூசத்துக்குப் பால்குடம் வேண்டியிருக்கிறேன். இந்த நிலையில் முடியுமா?

பதில்: முடியும் என்றுதான் நினைக்கிறேன், இப்போதே தொடங்கினால். சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல். கூட்டம், மேளம், வெயில், தலையில் குடம் வேறு. இந்த மாதம் காலையில் உங்கள் புளோக்கைச் சுற்றி நடங்கள், பிறகு அதே ஊர்வல வழியில் சாதாரண நாளில் பாதி தூரம், பிறகு முழுத் தூரம். குடத்தைக் கடைசி இரண்டு வாரத்தில் தண்ணீர் ஊற்றிப் பழகுங்கள். விரதம் இருப்பதானால் தண்ணீரைக் குறைக்காதீர்கள். கூட்டம் குறைவான நேரத்துக்குப் பதிவு செய்துகொள்ளுங்கள், பக்கத்தில் ஒருவர் நடக்கட்டும், ஆனால் கையைப் பிடிக்க வேண்டாம். மாமியார் வந்தால் நல்லது.