இறந்தவரின் கண்ணைப் பார்த்து இறந்த நேரத்தைச் சொல்ல முடியுமா?

ஓரளவு முடியும். ஆனால் "பத்து மணிக்குச் செத்தார்" என்று சொல்ல முடியாது. இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள் என்றுதான் சொல்லலாம். நீலகிரியில் அரசு மருத்துவராக போஸ்ட்மார்ட்டம் செய்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

உடலோடு வந்தவர்களிடம் நான் முதலில் கேட்பது, "கண்ணை மூடிவிட்டது யாருங்க, எப்போ?" என்பதைத்தான். உயிர் போனதும் வீட்டுப் பெரியவர் யாராவது இமையைத் தடவி மூடிவிடுவார்கள். அது தெரியாவிட்டால் கணக்கே தப்பிவிடும். இமை திறந்து கிடந்தால் கருவிழி இரண்டு மூன்று மணி நேரத்திலேயே மங்கத் தொடங்கும். மூடியிருந்தால் ஒரு நாள்கூட ஆகலாம்.

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கிடந்த ஒருவருக்குக் கண் பாதி திறந்திருந்தது. வெள்ளைவிழியில், கருவிழிக்கு இருபுறமும் பழுப்பாக ஒரு முக்கோணம். அகலமான பக்கம் கருவிழியை ஒட்டி, கூர்முனை கண்ணின் ஓரத்தை நோக்கி. இமையைத் தூக்கினால் உள்ளே வெள்ளை வெளேரென்று இருந்தது. "அடிபட்ட ரத்தக்கட்டா சார்?" என்றார் கூட வந்த காவலர். இல்லை. காற்றுப் பட்ட இடம் மட்டும் காய்ந்து, தூசியும் படிந்து வரும் நிறம் அது. பெயர் 'டாஷ் நுவார்'; இறந்து சில மணி நேரம் கழித்துத் தெரியும். காய்ந்தால்தான் வரும் என்பதால், மூடுபனி ஈரத்தில் தாமதமாகும்.

மலையில் இன்னொரு சிக்கல் குளிர். உடல் சீக்கிரம் சில்லிட்டுவிடும், விறைப்பு மெதுவாக வந்து நெடுநேரம் நிற்கும், அழுகலும் தள்ளிப்போகும். அப்போது கைகொடுப்பது கண்ணுக்குள் இருக்கும் விட்ரியஸ் திரவம். இறந்தபின் அதில் பொட்டாசியம் ஏறிக்கொண்டே போகும். 1960களில் ஸ்டர்னர் என்ற ஆய்வாளர் தந்த சூத்திரப்படி, பொட்டாசியம் அளவை 7.14ஆல் பெருக்கி 39.1ஐக் கழித்தால் இறந்து எத்தனை மணி நேரம் ஆனது என்று கிடைக்கும். லிட்டருக்கு 8 மில்லிமோல் இருந்தால் சுமார் 18 மணி நேரம். ஆனால் குளிரில் அந்த ஏற்றமும் மந்தமாகும். அதனால் ஊட்டியில் ஜனவரி இரவைத் திறந்தவெளியில் கழித்த உடலுக்கு இதை அப்படியே போட்டால், உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.

இந்தத் திரவத்தை எடுப்பதிலும் நிதானம் வேண்டும். கடைக்கண் பக்கமாக மெல்லிய ஊசியை விட்டு மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் விழித்திரைத் துணுக்கும் சேர்ந்து வந்து பொட்டாசியம் அளவைக் கூட்டிவிடும். எடுத்த அளவுக்கு உப்புநீரை ஏற்றிவிடுவேன், இல்லையென்றால் கண் குழிந்துபோகும். வீட்டார் முகம் பார்க்க வருவார்கள் அல்லவா?

சரி, வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? சந்தேக மரணம் என்றால் போலீஸ் வரும்வரை இமையைத் தொடாதீர்கள். இயற்கை மரணம், கண் தானம் செய்ய விருப்பம் என்றால் உடனே இமையை மூடி, ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு கண் வங்கிக்குப் போன் போடுங்கள். இறந்த 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுத்தாக வேண்டும். மலைப்பாதையில் அவர்கள் வந்து சேரவே நேரம் பிடிக்கும்.