எக்செல் கேள்வி-பதில்: நீளமான எண்களை ஒட்டும்போது

கேள்வி: ஆதார் எண்களை ஒட்டினால் ‘ஈ+11’ என்று முடிகிறது. எண் அழிந்துவிட்டதா?

பதில்: இல்லை. 15 இலக்கம் வரை எக்செல் பத்திரமாக வைத்திருக்கும், ஆதார் 12தான். ஃபார்மட்டை ‘நம்பர்’ ஆக்கி, தசம இடங்களைப் பூஜ்யமாக்கினால் முழு எண்ணும் தெரியும். அதற்கு முன் சி.எஸ்.வி.யாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக) சேமிக்காதீர்கள். திரையில் தெரிவதுதான் அந்தக் கோப்பில் பதிவாகும். அப்போது நிஜமாகவே அழிந்துவிடும்.

கேள்வி: 16 இலக்கக் கணக்கு எண்கள் எல்லாம் பூஜ்யத்தில் முடிகின்றன. டெக்ஸ்டாக மாற்றியும் சரியாகவில்லை. நாளை சம்பளப் பட்டியல் போக வேண்டும்.

பதில்: அனுப்பாதீர்கள். 16வது இலக்கம் ஒட்டிய நொடியிலேயே போய்விட்டது. பிறகு ஃபார்மட்டை மாற்றி எந்தப் பயனும் இல்லை. மூலக் கோப்பிலிருந்து மறுபடி எடுங்கள். எத்தனை முறை எழுதினாலும் இதே கடிதம் வருகிறது. மறுபடி சொல்கிறேன்: முதலில் டெக்ஸ்ட், அப்புறம் பேஸ்ட். நெடுவரிசையை டெக்ஸ்டாக்கிவிட்டு, ‘மேட்ச் டெஸ்டினேஷன் ஃபார்மட்டிங்’ கொடுத்து ஒட்டுங்கள். சி.எஸ்.வி. கோப்பை டபுள் கிளிக் செய்து திறக்கவே கூடாது. ‘டேட்டா’ பகுதியில் ‘ஃப்ரம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.’ வழியாகப் போய், ‘டிரான்ஸ்ஃபார்ம் டேட்டா’வில் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் ஆக்கிவிட்டு ஏற்றுங்கள். நெஃப்டில் பணம் வரவாவது கணக்கு எண்ணை வைத்துத்தான். பெயர் சரியாக இருப்பது காப்பாற்றாது. ஒருவருடைய மாதச் சம்பளம் அந்த ஒரே இலக்கத்தில் இருக்கிறது. கூட்டிக் கழிக்கப்போகாத எண்ணை எண்ணாக வைக்க வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: முன்னால் இருக்கும் பூஜ்யம் காணாமல் போகிறது.

பதில்: அதே மருந்து. முதலில் டெக்ஸ்ட், அப்புறம் பேஸ்ட். ஒன்றிரண்டு எண்கள்தான் என்றால் முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.

கேள்வி: பேஸ்ட் செய்தால் தப்பாக வருகிறது. என்ன செய்ய?

பதில்: என்ன எண், எத்தனை இலக்கம், எங்கிருந்து எடுத்தீர்கள்? இதையெல்லாம் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது?

கேள்வி: டெக்ஸ்டாகத்தான் வைத்திருக்கிறேன். ஆனாலும் ஒரு எண் எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் ‘கவுண்ட்இஃப்’ ஃபார்முலா, வெவ்வேறு கார்டு எண்களை ஒரே எண்ணாக எடுத்துக்கொள்கிறது.

பதில்: நல்ல கேள்வி. ‘கவுண்ட்இஃப்’ டெக்ஸ்டையும் எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடும். முதல் 15 இலக்கம் ஒத்துப்போனால் இரண்டும் அதற்கு ஒன்றே. தேடும் மதிப்பின் கடைசியில் நட்சத்திரக் குறியைச் (&"*") சேருங்கள், எழுத்தாகவே ஒப்பிடும்.

கேள்வி: கூகுள் ஷீட்ஸில் இந்தத் தொல்லை உண்டா?

பதில்: உண்டு. ஒட்டுவதற்கு முன்பே ‘பிளெயின் டெக்ஸ்ட்’ ஆக்குங்கள்.

கேள்வி: டெக்ஸ்டாக்கிய செல்லின் மூலையில் பச்சை முக்கோணம் வருகிறது. ‘கன்வர்ட் டு நம்பர்’ அழுத்தலாமா?

பதில்: கூடாது. ‘இக்னோர் எரர்’ கொடுங்கள்.