அட்மின் படிப்பு முடித்துப் போய்விட்டார்!

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தின் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் எல்லாவற்றையும் ஒரு மாணவர்தான் தொடங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டார், போனை எடுப்பதில்லை. பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?
– மக்கள் தொடர்புப் பிரிவு ஊழியர், பெயர் வேண்டாம்

பதில்: என்ன பதிவு போடுவது என்பதை அப்புறம் யோசிக்கலாம். முதலில் அந்தத் தம்பியைத் தேடிப் பிடியுங்கள், கோபப்படாமல் பேசுங்கள், சம்பளம் வாங்காமல் இத்தனை நாள் இழுத்து வந்தவர் அவர், அதிகாரமும் இன்னும் அவரிடம்தான் இருக்கிறது. ஃபேஸ்புக் பக்கத்துக்கென்று தனி பாஸ்வேர்டு கிடையாது, தனிநபர் கணக்குகளுக்குத்தான் அனுமதி தருவார்கள்; அதனால் உங்களுக்கும் இன்னொரு ஊழியருக்கும் அவர் முழுக் கட்டுப்பாடு கொடுத்தாலே போதும், அவருடைய பாஸ்வேர்டைக் கேட்காதீர்கள். யூடியூப் சேனல் பிராண்ட் அக்கவுண்ட்டில் (பலர் சேர்ந்து நிர்வகிக்கக்கூடிய கணக்கு) இருந்தால் உங்களை உரிமையாளராகச் சேர்த்து 7 நாள் கழிந்த பிறகுதான் முதன்மை உரிமையாளராக மாற்ற முடியும், ஆகவே ஒரு நாள் பேசிவிட்டு மறுபடி காணாமல் போய்விட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். இன்ஸ்டாகிராம்தான் தொல்லை. மின்னஞ்சல், போன் எண் இரண்டும் அநேகமாக அவருடையதாக இருக்கும். இரண்டையும் மாற்றி, இரண்டடுக்குச் சரிபார்ப்பை அவர் போனிலிருந்து எடுத்து, புதிய பேக்கப் கோடுகளை (போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழைய உதவும் எண்கள்) அச்செடுத்து அலுவலக பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

புதிதாகக் கொடுக்கும் மின்னஞ்சல் உங்கள் பெயரிலும் வேண்டாம், பதவிக்கென்று ஒன்று தொடங்கச் சொல்லுங்கள். நாளைக்கு நீங்களும் மாற்றலாகிப் போவீர்கள் அல்லவா?

கேள்வி: கட்டண உயர்வு அறிவிப்பைப் போட்டோம், திட்டித் தீர்க்கிறார்கள். எல்லா கமெண்ட்டையும் நீக்கு என்கிறார் மேலதிகாரி. நீக்கலாமா?

பதில்: கூடாது. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருப்பார்கள், அப்புறம் கட்டணத்தை விட்டுவிட்டு நீங்கள் அழித்ததைத்தான் பேசுவார்கள். ஆபாசம், மிரட்டல், அடுத்தவர் போன் எண்ணைப் போடுவது போன்றவற்றை மறைக்கலாம், ஆனால் அந்த விதியை முன்கூட்டியே பக்கத்தில் எழுதி வைத்திருக்க வேண்டும். திட்டுகளை நிதானமாகப் படித்தால் நடுவில் கேள்விகள் இருக்கும்: தவணையில் கட்டலாமா, ஏற்கெனவே படிப்பவர்களுக்கும் பொருந்துமா, உதவித்தொகை என்னாகும்? நிதிப் பிரிவிடம் பதில் வாங்கி ஒரே கமெண்ட்டாகப் போட்டு, எப்போதும் மேலேயே தெரியும்படி 'பின்' (pin) செய்யுங்கள். 'கனிவுடன் பரிசீலிக்கப்படும்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அதைப் பார்த்தால் இன்னும் கொதிப்பார்கள்.

கேள்வி: ஒவ்வொரு துறையும் தனிக் கணக்கு கேட்கிறதே?

பதில்: மூன்று மாதத்துக்கான பதிவுகளை எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பலர் திரும்பி வர மாட்டார்கள்.

கேள்வி: தேர்வு ஒத்திவைப்புச் சுற்றறிக்கையைப் படமாகப் போடுகிறோம். போதாதா?

பதில்: போதாது. பார்வையற்ற மாணவருக்குத் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் பல நேரம் 'படம்' என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். எந்தத் தேர்வு, பழைய தேதி, புதிய தேதி மூன்றையும் பதிவிலேயே எழுதுங்கள், படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் ஆல்ட் டெக்ஸ்ட்டையும் சேர்த்துவிடுங்கள். எக்ஸ் தளத்தில் இலவசக் கணக்குக்கு ஒரு பதிவில் 280 குறிகள்தான் வரம்பு, அதிலும் கொம்பு, புள்ளி, கால் எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் வரும். 'தேர்வு' நமக்கு மூன்று எழுத்து, அதற்கு ஆறு. ஆகவே புதிய தேதியை முதல் வரியில் வைத்துவிட்டு, 'இதன்மூலம் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்' என்பதைத் தயங்காமல் வெட்டுங்கள்.